மூளைக்குள் எவ்வளவு போனது? தாமரை இலைத் தூக்கப்பொருளை அளக்க எந்த வழி

கைதடியில் சித்த மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்காகக் கொழும்புக்கு வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போன மாதம் என்னைத் தேடி வந்தாள். வெள்ளவத்தையில் வாடகை அறை, கையில் ஒரு கொப்பி, கொப்பி நிறையக் கேள்வி. தாமரை இலையில் இருக்கிற நுசிஃபெரின் என்ற அல்கலோயிட்டை (தாவரங்களில் இருக்கும் நைதரசன் கொண்ட ஒரு வகைப் பொருள்) எலிக்குக் கொடுத்து, உடம்பில் எந்த இழையத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்கவேண்டும். அதுதான் அவளுடைய தலைப்பு.

"அக்கா, ஐஞ்சு விதமா அளக்கலாம் எண்டு வாசிச்சன். எதை எடுக்கிறது?"

"முதல்ல நீர் சொல்லும், கடைசியில உமக்கு என்ன எண் வேணும்?"

அவளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் நாங்கள் கதைத்தது எல்லாம் அதைச் சுற்றித்தான். தாவர மருந்துகளில் வேலை செய்யும் வேறு பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள் என்பதால், அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

தூக்கம் தரும் ஒரு பொருள் வேலை செய்யவேண்டிய இடம் மூளை. வாயால் கொடுத்தது குடலைத் தாண்டி, ஈரலைத் தாண்டி, இரத்தத்தோடு எல்லா உறுப்புக்கும் ஓடுகிறது. ஆனால் மூளையின் வாசலில் மட்டும் காவல் கடுமை. 1885இல் பவுல் ஏர்லிக் விலங்குகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்பெல்லாம் நிறம் பிடித்தன, மூளை பிடிக்கவில்லை. 1913இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் அதே மாதிரிச் சாயத்தை மூளையைச் சுற்றியிருக்கும் திரவத்துக்குள் நேராகச் செலுத்தினார். இப்போது மூளை மட்டும் நிறம் பிடித்தது, உடம்பு பிடிக்கவில்லை. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்று அதிலிருந்துதான் புரிந்தது. மூளையின் நுண்குழாய்களில் கலங்கள் ஒன்றோடொன்று இடைவெளி விடாமல் இறுகி நிற்பதுதான் அந்தச் சுவர்.

ஆகவே "இழையங்களில் பரவுகிறது" என்று ஆய்வின் தலைப்பில் ஒரே சொல்லாக எழுதினாலும், உள்ளே மூன்று கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. எந்த உறுப்பில் எவ்வளவு இருக்கிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? அங்கே இருப்பதில் எவ்வளவு வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கிறது? மூன்றாவதை மறந்துவிட்டு எழுதிய ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னுடைய பழைய வேலையிலும் அந்தக் குறை இருக்கிறது. அதனால்தான் இந்தப் பிள்ளையிடம் இவ்வளவு விடாப்பிடியாக நின்றேன்.

முதலில் பொருளைப் பாருங்கள்

எந்த வழி நல்லது என்பதைப் பாதி தீர்மானிப்பது பொருளின் குணம். தூக்கத்துக்கென்று பேசப்படும் மூன்று தாவரப் பொருள்களை எடுத்துக்கொள்வோம்.

நுசிஃபெரின் சின்ன மூலக்கூறு, மூலக்கூற்றுத் திணிவு 295. கொழுப்பில் எளிதில் கரையும், மூலத்தன்மை உள்ளது. செரட்டோனின், டொப்பமின் என்ற நரம்புச் செய்திப் பொருள்கள் வந்து ஒட்டும் வாங்கிகளில் இதுவும் ஒட்டுகிறது என்பது ஆய்வுகூடத்தில் காட்டப்பட்ட விடயம். இப்படிப்பட்ட பொருள் மூளைச் சுவரைத் தாண்டும். அதோடு, கலங்களுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற சின்னப் பைகளுக்குள்ளும் போய் மாட்டிக்கொள்ளும். அந்தப் பைகளுக்குள் அமிலத்தன்மை அதிகம், பிஎச் 5ஐ ஒட்டியது. மூலத்தன்மையோடு உள்ளே போன பொருள் அங்கே மின்னேற்றம் பெற்றுவிடும். பிறகு வெளியே வர வழியில்லை. நுரையீரல், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் இந்தப் பைகள் நிறைய. அதனால் இந்த வகைப் பொருள்களை அளந்தால் நுரையீரலில் எண் மலைபோல் ஏறி நிற்பது வழக்கம்.

அடுத்தது ஜுஜுபோசைட் ஏ. நம் வன்னிப் பக்கத்து இலந்தைக்கு உறவான சீன இலந்தையின் விதையில் இருப்பது. மூலக்கூற்றுத் திணிவு 1207. சர்க்கரைக் கூறுகள் சங்கிலியாகத் தொங்கும். இது முழுசாகக் குடலைத் தாண்டுவதே கஷ்டம். குடல் பற்றீரியா சர்க்கரையைக் கழற்றி, சின்னதாக்கிய பிறகுதான் ஏதாவது உள்ளே போகிறது. இதைப் படிக்கிறவர் "தாய்ப்பொருள் எங்கே" என்று, அதாவது கொடுத்த அதே வடிவத்தை மட்டும் தேடினால் மூளையில் வெறுமையைத்தான் காண்பார்.

மூன்றாவது வலேரியன் வேரின் வலெரெனிக் அமிலம். திணிவு 234, சின்னதுதான். ஆனால் அமிலம். 600 மில்லிகிராம் வலேரியன் எடுத்த மனிதர்களின் இரத்தத்தில் அது ஒரு மில்லிலீற்றருக்கு ஒன்றிரண்டு நனோகிராம் அளவில்தான் தெரிந்தது. அரைவாழ்வுக்காலம் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். இவ்வளவு குறைந்த அளவில், கருவியின் கூர்மை போதுமா என்பதுதான் முதல் கவலை.

நமது கதை நுசிஃபெரின். கீழே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துச் சொல்வது. மற்ற இரண்டும் கையில் இருந்தால் என் தெரிவு கொஞ்சம் மாறும். மாறும் இடத்தில் சொல்கிறேன்.

இழையத்தை அரைத்து அளப்பது

மிகப் பழகிய வழி. குறித்த நேரத்தில் எலியை வலியில்லாமல் முடித்து, உறுப்புகளை எடுத்து, குளிர்ந்த உப்புநீரோடு பனிக்கட்டி மேல் வைத்து அரைத்து, புரதத்தை வீழ்த்தி, மேலே தெளிந்ததை, பொருள்களைப் பிரித்து அவற்றின் திணிவை அளக்கும் எல்சி-எம்எஸ் கருவிக்குள் விடுவது. கருவிக்குள் நுசிஃபெரின் 296 என்ற எண்ணில் நுழையும். உடைக்கும்போது மெதைலமினை இழந்து 265 ஆகும். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்ப்பதால் வேறு பொருளோடு குழம்பும் வாய்ப்புக் குறைவு. இலையில் கூடவே இருக்கும் நோர்நுசிஃபெரின் மாதிரியான உறவுப் பொருள்களையும் தனித்தனியாக அளக்கலாம்.

கொழும்பில் இது எட்டக்கூடிய வழி. கருவி நமது திணைக்களத்தில் இல்லாவிட்டாலும் மாதிரிக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஓடவைக்க இடமுண்டு. விஸ்டர் எலியும் உள்ளூரிலேயே வாங்கலாம்.

குறை என்ன? முதலாவது, எலிகளின் எண்ணிக்கை. ஒரு எலி ஒரு நேரப்புள்ளிக்குத்தான். 15 நிமிடம், அரை மணி, 1, 2, 4, 8 மணித்தியாலம் என்று ஆறு புள்ளி, புள்ளிக்கு ஐந்து எலி வைத்தால் 30. மருந்து கொடுக்காத வெற்று இழையத்துக்காக இன்னும் சில. நெறிமுறைக் குழு இதைக் கேட்கும், கேட்கவும் வேண்டும். மற்றவர்களின் ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்த எலிகளின் இழையத்தை வாங்கி வெற்று மாதிரியாகப் பாவிக்கலாம். நான் அப்படித்தான் செய்வேன்.

இரண்டாவது, ஒவ்வொரு இழையமும் கருவிக்கு வேறு வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும். மூளையில் பொஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு அதிகம். அது சிக்னலை அமுக்கும். ஈரலிலும் அப்படித்தான். தெரிந்த அளவு மருந்தைப் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) கலந்து வரைந்த அளவுகோட்டை வைத்து மூளையைக் கணக்கிடுவது பெரிய தவறு. இழையத்துக்கு ஒரு கோடு வேண்டும். மருந்துகளை அளக்கும் முறைகளுக்கென்று 2022இல் வந்த ஐசிஎச் எம்10 என்ற சர்வதேச வழிகாட்டி கேட்கும் துல்லியம் பொதுவாக 15 வீதத்துக்குள்; அளக்கக்கூடிய ஆகக்குறைந்த அளவில் 20 வீதம்.

மூன்றாவது குறைதான் நான் அதிகம் பேச விரும்புவது. அரைத்த மூளைக்குள் இரத்தமும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எலியின் மூளை கிட்டத்தட்ட 2 கிராம். அதன் கனவளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இரத்தம். இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 1000 நனோகிராம் மருந்து இருந்து, மூளைக் கலத்துக்குள் ஒரு துளிகூடப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அரைத்த மூளை கிராமுக்கு 20 முதல் 30 நனோகிராம் காட்டும். ஜுஜுபோசைட் மாதிரிப் பொருளில் இந்த 20தான் முழுக்கதையாக இருக்கும். "மூளைக்குள் போகிறது" என்று எழுதிவிடுவார்கள், போயிருக்காது.

இதற்கு இரண்டு பரிகாரம் உண்டு. ஒன்று, இரத்தத்தைக் கழுவி வெளியேற்றுவது. மயக்க மருந்து கொடுத்த எலியின் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் இடது கீழறைக்குள் ஊசி வைத்து, வலது மேலறையைச் சிறிதாகக் கீறி, குளிர்ந்த உப்புநீரை ஓடவிடவேண்டும். முதல் நிமிடம் வெளியே வருவது சிவப்பு. பிறகு இளஞ்சிவப்பு. ஈரலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்: கருஞ்சிவப்பு மங்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கி பால் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். ஒரு மடல் மட்டும் சிவப்பாகவே நின்றால் ஊசி சரியாக இல்லை. பிறகு மண்டையோட்டைத் திறந்தால், மூளையின் மேல் வழக்கமாகத் தெரியும் சிவப்பு நூல்கள் இருக்காது. யானைத் தந்தத்தின் நிறம் மட்டும். முதல்முறை இதைச் செய்யும்போது கை நடுங்கியது எனக்கு. ஒரு உயிரைக் கொடுத்துப் பெறும் மாதிரி என்பதால், இன்றைக்கும் அந்த இடத்தில் அவசரப்படமாட்டேன்.

மற்றப் பரிகாரம், கழுவாமல் கணக்கால் கழிப்பது: இரத்தத்தில் இருந்த செறிவை மூளையில் மிஞ்சும் இரத்தக் கனவளவால் பெருக்கி, மொத்தத்திலிருந்து கழிப்பது.

எது நல்லது? பல புத்தகங்கள் கழுவச் சொல்கின்றன. நுசிஃபெரினுக்கு நான் கழுவவேண்டாம் என்பேன். கொழுப்பில் கரையும் பொருள் உள்ளே வேகமாகப் போவதைப்போல வெளியேயும் வேகமாக வரும். மருந்தில்லாத உப்புநீர் சில நிமிடம் ஓடும்போது மூளையில் இருந்ததில் ஒரு பங்கையும் அது கூட்டிக்கொண்டு போகும். கழுவும் நேரம் எலிக்கு எலி மாறும், எண்ணும் மாறும். அதைவிடக் கணக்கால் கழிப்பது நேர்மையானது, ஏனென்றால் நுசிஃபெரின் விடயத்தில் இரத்தத்தின் பங்கு மொத்தத்தில் சிறியதாகத்தான் இருக்கும். ஜுஜுபோசைட்டுக்கு இது நேர்மாறு: அங்கே கழித்தால் மிஞ்சுவது பூச்சியத்தை ஒட்டிய எண், சிறு பிழையும் விடையைத் தலைகீழாக்கும். அதற்குக் கழுவியே ஆகவேண்டும்.

கதிர்வீசும் குறியிட்டுப் படம் எடுப்பது

மூலக்கூறில் ஒரு காபன் அணுவைக் காபன்-14 ஆக மாற்றி எலிக்குக் கொடுத்து, பிறகு முழு எலியையும் உறையவைத்து, தலையிலிருந்து வால்வரை மெல்லிய துண்டாகச் சீவி, கதிர் உணரும் தட்டின்மேல் வைப்பது. சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் உல்பேர்க் 1954இல் பெனிசிலினை வைத்து இந்த வழியைத் தொடக்கினார். இந்தத் துறையில் சுவீடன்காரர்கள் அடிக்கடி தலைகாட்டுவார்கள், கீழேயும் வருவார்கள்.

படத்தின் அழகை மறுக்கமுடியாது. கண்ணின் நிறப்படலம், எலும்பு மச்சை, சுரப்பிகள் என்று நீங்கள் வெட்டி எடுக்க நினைக்காத இடத்தில் மருந்து குவிந்திருந்தால் அங்கே கறுத்துத் தெரியும். எலியும் குறைவாகப் போதும். மருந்துக் கம்பனிகள் இதை இன்றைக்கும் விடாமல் செய்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் தட்டில் தெரிவது கதிர். நுசிஃபெரின் என்று அதற்குப் பெயர் எழுதியிருக்காது. தாய்ப்பொருளா, ஈரல் மாற்றியமைத்த சேய்ப்பொருளா என்று அது சொல்லாது. நுசிஃபெரினில் இன்னொரு பொறியும் இருக்கிறது. காபன்-14ஐ இலேசாகப் பொருத்தக்கூடிய இடம் மெதைல் கூட்டம். ஈரல் முதலில் கழற்றுவதும் அந்த மெதைலைத்தான். கழன்ற காபன் உடம்பின் சாதாரண ஒற்றைக்காபன் சுற்றோட்டத்தில் கலந்து, புரதமாகவும் வேறு எதுவாகவும் மாறி, எங்கெங்கோ போய் உட்காரும். நீங்கள் மருந்து என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எலியின் சொந்தப் புரதமாக இருக்கும். வளையத்துக்குள் குறி வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கு மூலக்கூறை அடியிலிருந்து கட்டவேண்டும், அந்தச் செலவு ஒரு மாணவியின் பணத்துக்குள் அடங்காது.

இங்கே அனுமதி விடயமும் உண்டு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் உரிமம் எடுக்கவேண்டும். அது நியாயமான நடைமுறைதான். காபன்-14இன் அரைவாழ்வுக்காலம் 5730 வருடம். எஞ்சும் எலித்துண்டுகளை வைத்திருந்து, குறைந்தபிறகு எறியலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வருடப் பட்டத்துக்கு இந்த வழி வேண்டாம் என்று அவளிடம் நேராகவே சொன்னேன்.

லேசரால் துண்டைத் தட்டிப் பார்ப்பது

மூளையின் மெல்லிய துண்டின்மேல் ஒரு இரசாயனப் படலம் பூசி, லேசரால் புள்ளி புள்ளியாகத் தட்டி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எழும் மூலக்கூறுகளின் திணிவை அளந்து படமாக்குவது. ரிச்சர்ட் கப்ரியோலியின் குழு 1997இல் தொடங்கியது. கதிர் வேண்டாம், தாய்ப்பொருளையும் சேய்ப்பொருளையும் பிரித்துக் காட்டும். தூக்க ஆய்வுக்கு இது மனதைக் கவரும் வழிதான், ஏனென்றால் தூக்கத்தைத் தொடக்கிவைக்கும் நரம்புக்கூட்டம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலமஸின் முன்பகுதியில் மிகச் சிறிய இடத்தில் இருக்கிறது. 1996இல்தான் எலியில் அதை அடையாளம் கண்டார்கள். அரைத்த மூளையில் அந்த இடம் கரைந்து காணாமற்போகும், படத்தில் நிற்கும்.

ஆனால் அளவு என்று கேட்டால் இந்த வழி தடுமாறும். பூசிய படலமே 300ஐ ஒட்டிய எண்களில் தன் சொந்த இரைச்சலைப் போடும், நுசிஃபெரின் நிற்பதும் அங்கேதான். வெண்பொருளிலும் சாம்பல்நிறப் பொருளிலும் சிக்னல் அமுங்கும் விதம் வேறு. படத்தில் மங்கலாகத் தெரியும் இடத்தில் மருந்து குறைவா, சிக்னல் அமுங்கியதா என்பதைத் தனியாகச் சோதிக்கவேண்டும். எங்கே என்ற கேள்விக்கு நல்லது. எவ்வளவு என்ற கேள்விக்கு இதை மட்டும் நம்பமாட்டேன்.

விழித்திருக்கும் எலியின் மூளைக்குள் ஊசி

மைக்ரோடயலிசிஸ். சுவீடனின் உங்கர்ஸ்டெட் 1970களில் வளர்த்தெடுத்த வழி. நுண்துளைச் சவ்வு பொருத்திய மெல்லிய ஊசியை மூளையில் பதித்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலீற்றர் வேகத்தில் திரவம் ஓடவிட்டால், கலங்களுக்கு வெளியே, புரதத்திலோ கொழுப்பிலோ ஒட்டிக் கட்டுப்படாமல் மிதக்கும் மருந்து மட்டும் சவ்வைத் தாண்டி வரும். மூன்றாவது கேள்விக்கு நேரான விடை இதுதான்! ஒரே எலி எட்டு மணித்தியாலக் கதையையும் சொல்லும். எலி விழித்திருக்கிறது, உறங்குகிறது. மூளை மின்னலையையும் கூடவே பதியலாம். மருந்து ஏறும் நேரமும் தூக்கம் வரும் நேரமும் ஒரே தாளில் வரும். ஒரு தூக்க ஆராய்ச்சியாளருக்கு இதைவிட அழகான தாள் கிடையாது.

நுசிஃபெரின் மாதிரிக் கொழுப்பு விரும்பிகள் குழாயின் பிளாஸ்டிக்கில் ஒட்டும் என்பதுதான் தடை. சவ்வைத் தாண்டியது எவ்வளவு, வழியில் ஒட்டியது எவ்வளவு என்று தெரியாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. 20 நிமிடத்துக்கு 20 முதல் 40 மைக்ரோலீற்றர்தான் கிடைக்கும். அதில் இருப்பதும் மிகக் குறைவு. அறுவைக்குப் பழகிய கை வேண்டும். ஊசி பதித்த காயம் ஆற ஒரு நாள் விடவேண்டும், இல்லாவிட்டால் உடைந்த சுவரின் வழியாக வந்ததை அளந்துகொண்டிருப்பீர்கள். கைப்பழக்கத்துக்கே ஒரு வருடம் போகும். முனைவர் பட்டத்துக்கு வந்த பிள்ளை என்றால் இதைச் செய் என்றுதான் சொல்வேன்.

கணினியில் உறுப்புகளைக் கட்டுவது

உறுப்பின் எடை, இரத்த ஓட்டம், பொருளின் கரைதிறன் ஆகியவற்றை வைத்துச் சமன்பாடு எழுதுவது. டொர்ஸ்டன் டெயோரல், அவரும் சுவீடன்தான், 1937இல் விதை போட்டார். எலி தேவையில்லை, காசு தேவையில்லை. ஆனால் உண்மை எண்கள் சில இல்லாமல் கட்டினால் அது ஊகம் மட்டும். அளந்தபிறகு செய்யவேண்டிய வேலை. எலியில் கிடைத்ததை மனிதருக்குக் கொண்டுபோக அப்போது உதவும்.

சரி, எதை எடுப்பது?

நான் சொன்னது: அரைத்து அளக்கும் வழியை எடும். ஆனால் அதை மட்டும் எடுக்காதேயும். கூடவே கட்டுப்படாத பங்கை அளக்கவேண்டும்.

ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கால் காட்டினேன். இரண்டு மருந்து இருக்கின்றன. முதல் மருந்தின் மூளைச் செறிவு பிளாஸ்மாவைப்போல 10 மடங்கு. இரண்டாவது 0.8 மடங்குதான். யாரைக் கேட்டாலும் முதல் மருந்துதான் மூளைக்குள் நன்றாகப் போகிறது என்பார்கள். இப்போது பிளாஸ்மாவில் கட்டுப்படாத பங்கு இரண்டுக்கும் 30 வீதம் என்று வையுங்கள். மூளையில் கட்டுப்படாத பங்கு முதல் மருந்துக்கு 2 வீதம், இரண்டாவதற்கு 25 வீதம். பெருக்கி வகுத்தால்: முதலாவதற்கு 10 பெருக்கல் 0.02, வகுத்தல் 0.3. இரண்டாவதற்கு 0.8 பெருக்கல் 0.25, வகுத்தல் 0.3. இரண்டும் 0.67. வாங்கியில் போய் ஒட்டக்கூடிய மருந்து இரண்டிலும் ஒரே அளவு! முதல் மருந்தின் அந்தப் பெரிய 10, மூளைக் கொழுப்பில் சும்மா ஊறிக்கிடப்பது. கட்டுப்படாத பங்குகளை வைத்துக் கணக்கிடும் இந்தக் கடைசி எண்ணை மருந்தியலில் நிலைநாட்டியதில் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த மர்கரேட்டா ஹம்மர்லுண்ட்-உடேனஸ் என்பவரின் பங்கு பெரிது.

அவள் கொப்பியில் இதை இரண்டுமுறை போட்டுப் பார்த்தாள். "அப்ப மூளையில கூட இருக்கெண்டு எழுதினதெல்லாம்?" என்று கேட்டாள். பாதிக் கதை என்று சொன்னேன்.

கட்டுப்படாத பங்கை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு சவ்வு, ஒரு பக்கம் பிளாஸ்மா அல்லது அரைத்த மூளை, மறுபக்கம் பஃபர் (பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), 37 பாகையில் ஐந்தாறு மணித்தியாலம். இரு பக்கமும் சமநிலைக்கு வந்ததும் அளப்பது. இரண்டு எலியின் மூளை போதும், அதுவும் வேறு ஆய்வில் முடிந்த எலியாக இருக்கலாம். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: மூளையை நான்கு மடங்கு பஃபரில் அரைத்தால் அது ஐந்து மடங்கு ஐதானது. ஐதானதில் 10 வீதம் கட்டுப்படாமல் இருந்தால், உண்மை மூளையில் அது 2 வீதத்தை ஒட்டித்தான் வரும். இந்தத் திருத்தத்தை மறந்தால் விடை ஐந்து மடங்கு பிழை.

நுசிஃபெரினுக்கென்று இன்னொரு எச்சரிக்கை. அரைக்கும்போது லைசோசோம் பைகள் உடைந்துவிடும். உயிருள்ள மூளையில் பைக்குள் மாட்டியிருந்த மருந்து, அரைத்த மூளையில் வெளியே திரியும். அதனால் கட்டுப்படாத பங்கு உண்மையைவிடக் கூடவாகத் தெரியும். மேலே 0.67 என்று வந்த அந்தக் கடைசி எண் 1ஐத் தாண்டி வந்தால் "மூளை மருந்தை இழுத்துச் சேர்க்கிறது" என்று துள்ளவேண்டாம். முதலில் பைகளைச் சந்தேகியுங்கள். முடிந்தால் அரைக்காத மூளைத் துண்டை ஒட்சிசன் ஊட்டிய திரவத்தில் வைத்து மறுபடி அளக்கவேண்டும்.

இன்னும் இரண்டு சின்ன விடயம் சேர்த்தோம். எலி பகலில் தூங்கும் பிராணி. தூக்கச் சோதனையை எந்த மணிக்குச் செய்கிறீர்களோ அதே மணிக்கு இதற்கும் மருந்து கொடுக்கவேண்டும். அடுத்தது, மூளையை நடுவால் பிரித்து இடது பாதியை மட்டும் அரைப்பது. வலது பாதியை உறையவைத்து மைனஸ் 80இல் வைத்தால், பிறகு எங்காவது லேசர்ப் படம் எடுக்க வாய்ப்புக் கிடைக்கும்போது புதிதாக எலி தேவையில்லை.

உறையவைப்பதிலும் எனக்கு ஒரு காயம் இருக்கிறது. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், நான் மாதிரி வைத்திருந்த இடத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் முடிந்துவிட்டது. காலையில் போய்க் கதவைத் திறந்தபோது பெட்டியின் அடியில் தண்ணீர். குழாய்களைக் கையில் எடுத்தேன். பிங்க் நிறத்தில் ஆடியது உள்ளே. இருபத்துநாலு எலிகளின் மூளை. மருந்து அப்படியே இருந்திருக்கலாம், சிதைந்தும் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லமுடியாத மாதிரியை வைத்து எழுதக்கூடாது என்று முழுவதையும் விட்டேன். அந்த எலிகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. அதனால் இப்போது ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, வேறு வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்கிறேன். ஆறு புள்ளி முடியும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு நாள் எலியையும் அந்தக் கிழமைக்குள்ளேயே ஓட்டி முடிக்கவும் சொல்கிறேன்.

நேரத்தைப் பற்றி அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: மூளையில் மருந்து முடிந்த நேரம் தூக்கமும் முடியுமா? எப்போதும் இல்லை. சர்ப்பகந்தா வேரின் ரெசர்பின் அதற்குச் சாட்சி. 1950களில் பெர்னார்ட் பிரோடி, பார்க்ஹர்ஸ்ட் ஷோர் ஆகியோரின் வேலையில், ரெசர்பின் மூளையை விட்டுச் சில மணித்தியாலத்தில் போய்விட்டது, ஆனால் செரட்டோனின் குறைந்தது நாள்கணக்காகத் திரும்பவில்லை. நரம்பின் சேமிப்புப் பையை அது பழுதாக்கிவிட்டுத்தான் போகிறது. நுசிஃபெரின் வாங்கியில் ஒட்டி விலகும் வகை என்பதால் செறிவும் விளைவும் கூடவே போகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனாலும் தூக்கச் சோதனையின் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அதை எழுதக்கூடாது.

போன வெள்ளிக்கிழமை அவள் முதல் சவ்வுச் சோதனையை ஓட்டினாள். பிளாஸ்மா பக்கத்தையும் பஃபர் பக்கத்தையும் கூட்டினால் போட்டதில் முக்கால்வாசிதான் வந்தது. மிச்சம் பிளாஸ்டிக்கிலோ சவ்விலோ ஒட்டியிருக்கவேண்டும். கண்ணாடிக் குழாய்க்கு மாற்றி, பஃபரை வார்த்து எடுக்கும் ஒழுங்கையும் மாற்றி, இந்தக் கிழமை திரும்ப ஓட்டுகிறாள். அந்தக் கணக்கு ஒத்துவரும்வரை எலி வாங்கும் நாளைத் தள்ளிவைத்திருக்கிறோம்.